விறகு வண்டிக்குக் காவல் போன பார்ட்லி மானியன்

அந்த ஆள் தொப்பியைக் கழற்றி மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தலையை லேசாகத் தாழ்த்தி, மிகுந்த மரியாதையோடுதான் அதைச் சொன்னான்.

"கெழட்டுப் பன்னி, கும்பிடுறேன். என் சட்டையத் தொவச்சுக் குடு."

சபைனா லோஃப்டஸ் கொப்பரையில் துணியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். கையிலிருந்த துடுப்பு பாதியில் நின்றது. அவளுக்கு வயது இருபத்தெட்டு. அமெரிக்காவின் மேற்கு மலைப்பக்கம் இருந்த அந்தப் பட்டாளக் கோட்டையில் நாலாவது கம்பெனிச் சிப்பாய்களுக்குத் துணி துவைப்பவள் அவள்தான். அவளிடம் வாய் கொடுத்துத் தப்பியவர்கள் அந்தக் கம்பெனியில் குறைவு. விறகுக் குவியலுக்குப் பின்னால் சிரிப்பை அடக்க முடியாமல் இரண்டு மூன்று பேர் குலுங்குவது தெரிந்தது. அவர்களில் முன்னால் நின்றவன் எவால்ட், ஜெர்மன்காரப் பையன். அன்று வந்திறங்கிய புது ஆளுக்கு ஆங்கிலம் தெரியாது என்று கண்டுபிடித்து, மரியாதையாகப் பேசுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தது அவன்தான். இதெல்லாம் சபைனாவுக்குப் புரிவதற்குள் நாக்கு முந்திக்கொண்டது. கோபம் தலைக்கேறினால் அவளுக்கு ஆங்கிலம் வராது. மேயோ கடற்கரையில் பிறந்து பேசிய ஐரிஷ் மொழிதான் வரும்.

"நாசமாப் போறவனே! ஒன் நாக்கு அழுகி விழ! பன்னியா நான்? நீ பொறந்த கொட்டாயில எத்தன பன்னி கட்டிக் கெடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா?"

வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பான். இவன் ஓடவில்லை. தொப்பி கையிலிருந்து நழுவி சேற்றில் விழுந்தது. கண் நிறைந்துவிட்டது.

"இன்னொரு தரம் திட்டு" என்றான், அதே மொழியில்.

"என்னது?"

"திட்டும்மா. நல்லா வாய் வலிக்கத் திட்டு. பாஸ்டன விட்டுக் கெளம்பி அஞ்சு மாசம் ஆச்சு, நம்ம பேச்சு என் காதுல விழுந்து."

சபைனா துடுப்பைக் கீழே வைத்தாள். விறகுக் குவியலைப் பார்த்து ஆங்கிலத்தில் இரண்டு வார்த்தை சொன்னாள். எவால்டும் மற்றவர்களும் கலைந்து போனார்கள். பிறகு அவன் சட்டையை வாங்கிக் கொப்பரையில் போட்டாள்.

அவன்தான் பார்ட்லி மானியன். 1867-ஆம் வருடம் மே மாதம், ஆறு வாரம் நடந்தே வந்த புது ஆட்களில் ஒருவன். அயர்லாந்தின் கானமாரா கரைக்காரன். அப்பன் மீனவன். உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போன அந்த வருடம் பார்ட்லிக்கு வயது நாலு. அப்பன் வலையை விற்றுத் தின்றான், பிறகு படகை விற்றுத் தின்றான், அதற்குப் பிறகு தின்ன ஒன்றும் இல்லாமல் செத்தான். வாடகை கட்டாத வீடுகளை இடிக்க ஆட்கள் வந்தபோது பார்ட்லி அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். கூரையின் நடுச்சட்டத்தில் கயிறு கட்டி இழுத்தார்கள். அந்தச் சத்தம் தனக்கு மறக்கவில்லை என்று பின்னால் சபைனாவிடம் சொன்னான். அம்மா ஏழைகள் விடுதியில் காய்ச்சலில் போனாள். சித்தப்பன் வீட்டில் கடற்பாசி சுமந்து, கல்லுடைத்து வளர்ந்தான். இருபத்துமூன்றாம் வயதில் கப்பலேறினான். பாஸ்டன் துறைமுகத்தில் குளிர்காலத்தில் வேலை இல்லை. பட்டாளத்துக்கு ஆள் எடுப்பவன் ஒருவன் கனத்த கம்பளிக் கோட்டைக் காட்டினான். பார்ட்லி காகிதத்தில் ஒரு சிலுவைக் குறி போட்டுவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டான். மூன்று வருடம் என்று யாரோ சொன்னது புரிந்தது. எங்கே என்பது புரியவில்லை.

"யாரோட சண்டைன்னாவது கேட்டியா?" என்றாள் சபைனா.

"கேக்க பாஷை வேணுமே."

சார்ஜன்ட் ஹெஃபர்னனுக்கு இந்த ஐரிஷ் பேச்சு பிடிக்கவில்லை. அவரும் அயர்லாந்துக்காரர்தான், டிப்பரரி. நாற்பது வயது, பட்டாளத்தில் இருபது வருடம், நரைத்த மீசை. பார்ட்லியும் சபைனாவும் பேசிக்கொண்டிருந்தால் நடுவில் வந்து நிற்பார்.

"டேய் மானியன்! இது அமெரிக்கப் பட்டாளம். இங்க இங்கிலீஷ்தான். என்னடா கொழகொழன்னு, வாயில கல்லப் போட்டுக் குதப்புற மாதிரி!"

"சார்ஜன்ட், உங்களுக்கு நம்ம பாஷை தெரியாதா?" என்று சபைனா ஒருமுறை கேட்டாள்.

"தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேண்டாம்."

ஆனாலும் அவர் பார்ட்லியைக் கொடுமைப்படுத்தவில்லை. தண்டனைக்கு ஆள் தேடும்போது வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அதற்குக் காரணம் பார்ட்லி கட்டிய சுவர் என்று கம்பெனியில் சொன்னார்கள். அந்த மலையடிவாரத்தில் காற்று ஓயாது. சபைனா மூட்டுகிற அடுப்பை ஒரு நாளைக்கு நாலு தரம் அணைக்கும். பார்ட்லி ஓய்வு நேரத்தில் ஓடைக்குப் போய்க் கல் பொறுக்கி வந்து, சுண்ணாம்பும் இல்லாமல் மண்ணும் இல்லாமல், கல்லோடு கல்லைக் கவ்வ வைத்து, அவள் கொப்பரையைச் சுற்றி இடுப்புயரச் சுவர் ஒன்று எழுப்பினான். எவால்ட் தள்ளிப் பார்த்தான். தோள்பட்டைதான் வலித்தது. கேப்டன் குதிரையிலிருந்து இறங்கி வந்து பார்த்துவிட்டு, வைக்கோல் போருக்கும் இப்படி ஒன்று கட்டச் சொன்னார். அன்றைக்கு ஹெஃபர்னன், "எங்க ஊர்ப் பக்கமும் இப்படிக் கட்டுவானுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

சபைனா அவனுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தாள். கொப்பரை, கரண்டி, சவுக்காரம், துப்பாக்கி, வலது, இடது. ஜூலையில் அவன் தானாகவே ஒரு வாக்கியம் செய்துகொண்டு வந்தான்.

"நீ... புருஷன்... வேணுமா?"

"ஒரு புருஷன மண்ணுல வச்சு எட்டு மாசம்தான் ஆவுது. வயித்துக்கடுப்புல போனான் பாவம்."

"நான் வயித்துக்கடுப்பு இல்ல" என்றான் பார்ட்லி. அவனுக்குத் தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான்.

செப்டம்பரில் வடக்கே தங்கச் சுரங்கங்களுக்குப் போகிற வண்டிகளோடு ஒரு பாதிரியார் வந்தார். கோட்டைக்குள் ஒரு பகல் தங்கினார். அந்தப் பகலிலேயே இருவருக்கும் கல்யாணம் முடிந்தது. எவால்ட் எங்கிருந்தோ ஒரு பிடி காட்டுப்பூ பறித்து வந்து நீட்டி, தொப்பியைக் கழற்றி, "கெழட்டுப் பன்னி, கும்பிடுறேன்" என்றான். சபைனா அந்தப் பூவாலேயே அவனை அடித்தாள்.

அக்டோபர் முதல் வாரத்தில் கோட்டையின் கோவேறு கழுதைகளில் முப்பதை, அந்த மண்ணின் பூர்வகுடிகளான லக்கோட்டாக்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு கம்பெனிகள் அவர்களைத் தேடிப் போயின. ஐந்தாம் நாள் திரும்பி வந்தன. கழுதைகள் கிடைக்கவில்லை. ஆட்களில் யாருக்கும் காயமில்லை. சபைனாவுக்கு நிம்மதியாக இருந்தது. துவைக்கப் பார்ட்லியின் கம்பளிக் கோட்டை வாங்கினாள். அதில் கருகிய இறைச்சி நாற்றம் அடித்தது.

"என்னய்யா இது, விருந்தா வச்சாங்க?"

அவன் சுவரோரம் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்.

ஓடைக்கரையில் ஒரு குடியிருப்பு இருந்தது. அறுபது எழுபது தோல் கூடாரங்கள். பட்டாளம் வருவதைப் பார்த்து எல்லோரும் மலைக்குள் ஓடிவிட்டார்கள். அடுப்பில் நெருப்புகூட அணையவில்லை. குளிர்காலத்துக்கென்று உலர்த்திய எருமை இறைச்சி தோல்பைகளில் மலைமலையாகக் கிடந்தது. எல்லாவற்றையும் எரித்துவிட வேண்டுமென்று உத்தரவு. முதலில் கழிகளைச் சாய்க்க வேண்டும். ஹெஃபர்னன் பத்துப் பேரைப் பிரித்துக் கையில் கயிறு கொடுத்தார்.

"என் கையில குடுத்தாரு சபைனா. கயித்த."

"ம்."

"நடுக்கழியில கட்டி இழுக்கணும். எப்படி இழுக்கணும்னு யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. நான் பாத்திருக்கேன்ல."

"இழுத்தியா?"

"இழுத்தேன். பதினோரு கூடாரம். மொதல்ல கயித்தப் புடிச்சுக்கிட்டு மரம் மாதிரி நின்னேன். 'செவிடாடா நீ, சீக்கிரம் முடிடா'ன்னு கத்தினாரு. இழுத்தேன்." உள்ளங்கையைக் கால்சட்டையில் தேய்த்துக்கொண்டான். "ஒரு கூடாரத்துக்குள்ள ஒரு கெழவி இருந்தா. நடக்க முடியாதவ போல, விட்டுட்டு ஓடியிருக்காங்க. போர்வையோட தூக்கிட்டுப் போயி மரத்தடியில உக்கார வச்சேன். என்கிட்ட இருந்த பிஸ்கட்ட மடியில போட்டேன். எடுத்து என் மூஞ்சியில எறிஞ்சா."

"நல்லா எறிஞ்சாளா?"

"குறி தப்பல" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினான். சிரிக்க முயன்றான். வரவில்லை. "எங்க வீட்ட இடிச்ச அன்னிக்கு ஒருத்தன் என் கையில ரொட்டித்துண்டு குடுத்தான். எங்கம்மா பிடுங்கி வீசுனா. எனக்கு அப்ப அவ மேல கோவம், பசியில. இன்னிக்குத்தான் புரிஞ்சுது."

அன்றிலிருந்து அவன் பேச்சு குறைந்தது. வேலையில் குறை வைக்கவில்லை. பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், துணி காயப்போடுகிற கயிற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னான். வடக்கே போகிற கடைசி வண்டிகள் கோட்டைக்கு வெளியே தங்கியிருக்கின்றன. இந்த வருடம் இனிமேல் வண்டி கிடையாது. வண்டிக்காரர்களில் ஒருவன் கானமாராக்காரன், சட்டை துணி கொடுத்து இருவரையும் மூட்டைகளுக்கு நடுவில் ஏற்றிக்கொள்வதாகச் சொல்கிறான்.

"ஓடிப்போறதா? புடிச்சா முதுகுத் தோல உரிச்சுருவாங்க. சூடு போட்டு அடையாளம் வச்சுருவாங்க."

"புடிச்சாத்தான."

"இந்தக் குளிர்லயா? மலப்பாதையில பனி விழுந்துருச்சு."

"எங்கப்பன் பசியில செத்தான். நான் குளிர்ல செத்தா என்ன? இன்னொரு வீட்டுக் கழியில நான் கயிறு கட்ட மாட்டேன் சபைனா."

அப்போதுதான் சபைனா சொன்னாள். இரண்டு மூன்று நாளாக அவளே தனக்குள் வைத்திருந்த சேதி. நாள் தள்ளிப்போயிருந்தது. காலையில் எழுந்தால் சவுக்கார வாசனைக்கே குமட்டல். அவன் முகம் மாறியதை அவள் கடைசி வரை மறக்கவில்லை. முதலில் ஒன்றும் புரியாதவன் போல விழித்தான். பிறகு இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டான். அந்தக் கைகள் கல்லைப் போலச் சொரசொரப்பாக இருந்தன.

"மலையில பெத்துக்க என்னால முடியாதுய்யா. இங்க சுவர் இருக்கு, அடுப்பு இருக்கு, வைத்தியர்னு ஒரு குடிகாரனாவது இருக்கான். புள்ள பொறக்கட்டும். அடுத்த வேனல்ல போவலாம். நானே முன்னாடி நடக்குறேன்."

மறுநாள் காலை வண்டிகள் கிளம்பின. பார்ட்லி கோட்டை வாசலில் காவல் நின்றான். வண்டிக்காரன் அவனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். பார்ட்லி தலையை மட்டும் ஆட்டினான்.

பட்டாளத்தை விட்டு அவனைப் போகவிடாமல் நிறுத்தியவள் தான்தான் என்பதை சபைனா அந்தக் குளிர்காலம் முழுக்கத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஏனென்றால் நவம்பர் இருபத்தாறாம் தேதி அவன் விறகு வண்டிக்குக் காவல் போனான். விறகு வெட்டும் பைன் காடு ஆறு மைல் தள்ளி. பன்னிரண்டு வண்டி, முப்பது சிப்பாய், கோடாரிக்காரர்கள் தனி. வாரத்துக்கு நாலு நாள் நடக்கிற வேலைதான். வழக்கம் போலக் கம்பளிக் கழுத்துத்துணியைச் சுற்றிவிட்டாள். வழக்கம் போல அவன் அதை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டான், கழுத்து அரிக்கிறதாம்.

பத்து மணி வாக்கில் மேட்டில் நிற்கிற காவல்காரன் கொடியை ஆட்டினான், விறகு வண்டிகளை லக்கோட்டாக்கள் தாக்குகிறார்கள் என்று. ஊதுகொம்பு ஒலித்தது. குதிரைக்காரர்கள் சேணத்தை இறுக்கிக்கொண்டே ஓடினார்கள். காற்று எதிர்த்திசையில் அடித்ததால் துப்பாக்கிச் சத்தம் தூரத்தில் யாரோ சுள்ளி ஒடிப்பது போலத்தான் கேட்டது. மற்றப் பெண்கள் மரவேலிப் பக்கம் போய் நின்றார்கள். சபைனா போகவில்லை. கொப்பரைக்குள் இருந்த துணியை எடுத்துப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் வண்டிகள் திரும்பின. கடைசி வண்டியின் மேல் தார்பாய் மூடியிருந்தது. மூன்று பேர். ஹெஃபர்னன் குதிரையை விட்டு இறங்கி அவளை நோக்கி நடந்து வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால், "நான் பாக்கணும்" என்றாள். தார்பாயைத் தூக்கிக் காட்டினார்கள். தோட்டா முதுகில், இடது தோளுக்குக் கீழே பாய்ந்திருந்தது. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கழுத்துத்துணி பையில் மடித்தபடியே இருந்தது.

அவள் அழவில்லை. உடம்பைத் தானே கழுவினாள். வேறு யாரையும் தொட விடவில்லை. அடக்கத்தின்போது தரை பாறையாக உறைந்திருந்ததால் முதலில் தீ மூட்டி மண்ணை இளக்க வேண்டியிருந்தது. அந்தத் தீயையும் அவளேதான் போட்டாள். "பாவம், கல்லாயிட்டா" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் எவால்ட் வந்தான். தொடையில் கட்டு, இரண்டு கக்கத்திலும் ஊன்றுகட்டை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, உக்காரட்டுமா?"

"உக்காரு."

"மரத்தடியில நின்னுட்டிருந்தேன். கோடாரி கையில. துப்பாக்கி வண்டியில. எங்கேருந்து வந்தானுங்கன்னே தெரியல, அம்பு தொடையில ஏறிடுச்சு. எல்லாரும் வண்டியச் சாச்சுப் போட்டு அதுக்குப் பின்னால போயிட்டாங்க. நான் மட்டும் வெளியில. அறுபது எழுபது அடி இருக்கும். செத்தேன்னு கண்ண மூடிட்டேன். தொறந்து பாத்தா அவன் நிக்கிறான். துப்பாக்கிய எங்கேயோ போட்டுட்டு வெறுங்கையோட." எவால்ட் தொடைக்கட்டைத் தடவிக்கொண்டான். "என்ன முதுகுல தூக்கிப் போட்டுக்கிட்டான் அக்கா. நான் அவன எவ்வளவு கேலி பண்ணியிருக்கேன். வண்டிக்குப் பக்கத்துல வந்து என்ன உள்ள தள்ளிவிட்டான். தள்ளிவிட்டுத்தான் விழுந்தான்."

சபைனா அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினாள்.

"வழி பூரா ஏதோ பேசிக்கிட்டே வந்தான். உங்க பாஷையில. எனக்கு ஒரு வார்த்தையும் புரியல. சாமி கும்பிட்டானோ என்னமோ. உங்க பேர் அதுல வரல, அத மட்டும் கவனிச்சேன். மன்னிச்சுக்குங்க."

அவன் போன பிறகு சபைனா வேலையில் கைவைக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். சாவு ஏற்கெனவே வந்து போய்விட்டது, அது தெரிந்த துக்கம். இது வேறு. தன் மொழியில் அவன் கடைசியாகப் பேசியிருக்கிறான், முப்பது பேர் சுற்றியிருந்தும் கேட்க ஒரு காது இல்லை. என்ன சொன்னான்? ஜெபமா? கோபமா? பயந்தானா? அம்மாவைக் கூப்பிட்டானா? அந்தக் கேள்வி அவளைச் சாப்பிட விடவில்லை.

பதினோராம் நாள் ஹெஃபர்னன் வந்தார். பனி பெய்து ஓய்ந்த வெளிச்சமான முற்பகல். மீசையைச் சீவியிருந்தார். பொத்தான்கள் பளபளத்தன. எதற்கு வருகிறார் என்று பார்த்ததுமே சபைனாவுக்குத் தெரிந்துவிட்டது. புருஷன் இல்லாத பெண்ணுக்குக் கோட்டையில் இடமில்லை. விதவையானவளை அதே கம்பெனியில் இன்னொருவன் ஒரு வாரம் பத்து நாளில் வந்து கேட்பதுதான் அங்கே வழக்கம். முதல் புருஷன் லோஃப்டஸ் போனபோது நாலு பேர் கேட்டார்கள். நாலு பேரையும் துடுப்போடு விரட்டியிருக்கிறாள்; துவைக்க வேறு ஆள் இல்லாததால் அப்போது விட்டுவைத்தார்கள்.

"சொல்ல வந்தத சொல்லிட்டுப் போங்க சார்ஜன்ட். துணி நெறைய கெடக்கு."

"கேக்கத்தான் வந்தேன்மா. என்னன்னு உனக்குத் தெரியும். ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லியாகணும். சொல்லாம கேட்டா நான் மனுஷனே இல்ல."

கையுறையைக் கழற்றினார். சுவர்மேல் வைத்தார். பிறகு பேச ஆரம்பித்தார். ஐரிஷ் மொழியில். துருப்பிடித்த கதவு திறப்பது போலத் தட்டுத் தடுமாறி வந்தன வார்த்தைகள். சபைனா எழுந்து நின்றுவிட்டாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"எங்கம்மா சாகுற வரைக்கும் வேற பாஷை பேசினதில்ல. பட்டாளத்துல சேர்ந்தப்ப, இந்தப் பாஷைய வாயத் தொறந்து பேசினவன மாட்ட விடக் கேவலமாப் பாத்தாங்க. விட்டுட்டேன். இருபது வருஷம். தெரியாது தெரியாதுன்னு சொல்லிச் சொல்லி எனக்கே நம்பிக்கை வந்துருச்சு."

"அப்ப அன்னிக்கு..."

"எல்லாம் காதுல விழுந்துச்சு. அதத்தான் சொல்ல வந்தேன்." தரையைப் பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். "எவால்ட் வெளியில மாட்டிக்கிட்டான்னு எல்லாருக்கும் முன்னால பாத்தது நான்தான். போயிருக்க வேண்டியதும் நான்தான். அவனுக்கு சார்ஜன்ட் நான்தானே. காலு எழும்பல. 'யாரும் போகாதீங்கடா, உத்தரவு'ன்னு கத்தினேன். உன் புருஷன் என்னத் திரும்பிப் பாத்தான். நம்ம பாஷையில, 'இங்கிலீஷ் புரியல சார்ஜன்ட்'னுட்டு ஓடிட்டான்."

சபைனா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"திரும்பி வரும்போது?" என்றாள் பிறகு. "சுமந்துட்டு வரும்போது என்னமோ பேசுனானாம். சாமி கும்பிட்டானா?"

"சாமியா!" ஹெஃபர்னனின் மீசை நடுங்கியது. "அந்தப் பயலத் திட்டிக்கிட்டே வந்தான். 'டேய் ஜெர்மன்காரா, ஒங்கம்மா ஒனக்கு என்னத்தடா போட்டு வளத்தா, காளமாடாட்டம் கனக்குறியே! கால ஆட்டாதடா. நான் கட்டுன சுவர் மொத்தமும் ஒன் பாதி வெயிட்டு இருக்காது. கெழட்டுப் பன்னி நானா நீயாடா'ன்னான். அதுதான் அவன் கடைசியாச் சொன்னது. எனக்குச் சிரிப்பு வந்துச்சு சபைனா. சத்தியமாச் சொல்றேன். தோட்டா பறக்குது, நான் வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால குந்திக்கிட்டு சிரிச்சேன். அப்பத்தான் அவன் விழுந்தான்."

சபைனாவுக்கும் சிரிப்பு வந்தது. அவளால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று இருவருக்கும் தெரியவில்லை. பதினோரு நாள் உள்ளே உறைந்து கிடந்தது மொத்தமும் உடைத்துக்கொண்டு வந்தது. ஹெஃபர்னன் அவளைத் தொடவில்லை, தேற்றவும் இல்லை. காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே நின்றார். அடங்கியதும் கையுறையை எடுத்துக்கொண்டார்.

"கேக்க வந்தத இன்னிக்குக் கேக்கல" என்றார்.

"கேக்காதீங்க."

கேப்டனிடம் போய், துணி துவைக்க வேறு ஆள் கிடைக்கிற வரை அவளை இருக்கவிட வேண்டுமென்று பேசியது ஹெஃபர்னன்தான். வேறு ஆளை அவர் தேடவே இல்லை என்பதும் எல்லோருக்கும் தெரியும். குளிர்காலம் முழுக்க வாரத்தில் ஒரு நாள் வந்து விறகு பிளந்து கொடுத்தார். பிளக்கும்போது மறந்துபோன வார்த்தைகளை அவளிடம் கேட்டுக்கொள்வார். 'கோடாரிக்கு என்னமோ சொல்வோமே?' என்பார். சொல்லுவாள்.

மார்ச்சில் ஒருநாள் அவளாகவே பேச்சை எடுத்தாள். வயிறு நன்றாகத் தெரிந்தது.

"அந்தக் குடியிருப்ப எரிச்சப்ப அவன் கையில ஏன் கயித்தக் குடுத்தீங்க?"

ஹெஃபர்னன் கோடாரியைக் கட்டையில் குத்தி நிறுத்தினார். "யார் கையிலயாவது குடுக்கணுமே. எங்க வீட்டையும் அப்படித்தான் இழுத்தாங்க சபைனா. அதப் பாத்துட்டு நிக்க முடியல. சீக்கிரம் முடிஞ்சாச் சரின்னு கத்தினேன். அதுல ஞாயம் இருக்குன்னு சொல்லல."

அவள் நெடுநேரம் அவரைப் பார்த்தாள். பார்ட்லிக்கு இருந்த அந்த வெள்ளை மனசு இவரிடம் இல்லை. ஆனால் தன் கோழைத்தனத்தைத் தானே நடந்து வந்து சொன்னவர். வேறு யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

"அப்ப கேக்க வந்தத இப்பக் கேளுங்க" என்றாள். "ஆனா பாதிரியார் வந்து மந்திரிச்சாத்தான் கல்யாணம். அதுவரைக்கும் விறகுதான்."

ஜூன் மாதம் பெண் குழந்தை பிறந்தது. குடிகார வைத்தியர் அன்று குடிக்காமல் இருந்தார். அந்தக் கோடையில் அரசாங்கமும் லக்கோட்டாக்களும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தார்கள். தங்கச் சுரங்கங்களுக்குப் போகிற அந்தப் பாதையில் இனிமேல் வண்டிகள் போகக்கூடாது, கோட்டைகள் இருக்கக்கூடாது. அப்படியானால் அவன் எதைக் காப்பதற்காகச் செத்தான் என்று சபைனா யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல ஆள் இல்லை. ஆகஸ்டில் கொடியை இறக்கி மடித்தார்கள். வண்டிகள் இரண்டு மைல் போவதற்குள் பின்னால் புகை எழும்பியது. மலையிலிருந்து இறங்கி வந்த லக்கோட்டாக்கள் கோட்டையைக் கொளுத்திவிட்டார்கள். சிப்பாய்கள் சிலர் பல்லைக் கடித்தார்கள். சபைனா குழந்தையின் முகத்தைப் புகை படாத பக்கம் திருப்பிக்கொண்டாள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. பார்ட்லி மண்ணுக்குள் தனியாகக் கிடப்பானே என்றுதான் நினைத்தாள்.

செப்டம்பர் கடைசியில் ஒமஹா நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மாதா கோயில் ஒன்று பலகையில் கட்டியிருந்தார்கள். பாதிரியார் வயதானவர், காது மந்தம். முதலில் கல்யாணத்தை முடித்தார். அது முடிந்ததும் ஞானஸ்நானத்துக்குக் குழந்தையை வாங்கிக்கொண்டார். தாத்தா போலக் கொஞ்சிவிட்டுப் பெரிய பதிவேட்டைத் திறந்தார்.

"பேரு?"

"ஹானர்" என்றாள் சபைனா. பார்ட்லியின் அம்மா பெயர் அது.

பாதிரியார் எழுதினார். பிறகு ஹெஃபர்னனை ஏறிட்டுப் பார்த்து, இறகுப் பேனாவை மையில் தோய்த்தார். "தகப்பன் நீங்கதானே? ஹெஃபர்னன்னு போட்டுடறேன்."

சபைனா எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாமென்றுதான் இருந்தாள். புதுக் கணவன், புது ஊர், அவர் பெயரே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஹெஃபர்னன் மேஜை மேல் குனிந்தார். கேட்காத காதுக்காகக் குரலை உயர்த்தி, அணிவகுப்பில் ஆள் கூப்பிடுவது போலச் சொன்னார்.

"தகப்பன் பார்ட்லி மானியன். ஊரு கானமாரா. சிப்பாய், நாலாவது கம்பெனி. போன நவம்பர் இருபத்தாறாம் தேதி இறந்துட்டான்."

"அப்ப நீங்க யாரு?"

"நான் இவ அம்மாவோட புருஷன். அதுக்குக் கீழ எங்கேயாவது எழுதிக்குங்க சாமி."

பாதிரியார் தலையை ஆட்டிவிட்டு எழுதினார். மை உலரும் வரை மூவரும் நின்றார்கள். குழந்தை பசித்து அழ ஆரம்பித்தது.